நெமலிகோனாவில் பதினேழு ரிப்பன்கள்

ரிப்பனில் கருகல் வாசனை வந்தது.

அருவியை விட்டுத் திரும்பி இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பாதை இரண்டாகப் பிரியும் முதல் இடத்தில், காலையில் ஆசிர் தன் கையாலேயே கட்டிவிட்டுப் போன சிவப்புத் துணி, நாவல் கிளையில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தான். சொதசொதவென்று ஈரம். மழையோ இன்னும் பெய்யவில்லை. ஈரத் துணியில் எரிந்த வாசனை எப்படி வரும்? அதுகூடப் போகட்டும். முடிச்சு அவனுடையது இல்லை. ஆசிர் போடுவது ஒரே இழுப்பில் அவிழ்கிற சுருக்கு. இது கிளையை மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகிய முடிச்சு.

அப்படி முடிச்சுப் போடுகிறவன் ஒருத்தன்தான் இருந்தான். அவன் செத்து ஒரு வருஷம் ஆகிறது.

“கேசியா, இத நீ தொட்டியா?”

“நான் ஏன் தொடப்போறேன்? நீங்கதான கட்டினீங்க,” என்றாள் பின்னால் வந்த அவன் மனைவி. மஞ்சள் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டே முடிச்சைக் குனிந்து பார்த்தாள். “அட, இது யதி அண்ணா கட்டற மாதிரியே கீது. அவருகிட்ட கத்துக்கினீங்களா?”

“ஆமா,” என்றான் ஆசிர். வேறு என்ன சொல்வது?

மலைக்குக் கூட்டிப்போகிறவர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான் இது. ஏறும்போது முன்னால் போகிறவன் பாதை பிரியும் இடங்களில் துணி கட்டிக்கொண்டே போவான். இறங்கும்போது கடைசி ஆள் ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டு வரவேண்டும். காட்டில் ஒரு நூல்கூட விடக்கூடாது என்பது ஃபாரஸ்ட்காரர்களின் கண்டிப்பு. நெமலிகோனா அருவிக்குப் பதினேழு ரிப்பன் வேண்டும். சித்தூர் சர்ச்சில் கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகக் கேரல் ரவுண்ட்ஸ் போகிறவர்கள் தோளில் போடும் சிவப்புச் சாட்டின் துணி பழசானால், கேசியாதான் அதைக் கிழித்துக் கொடுப்பாள். கடைசி ஆள் வருவதற்குமுன் ரிப்பனை அவிழ்க்கக் கூடாது. அந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

ஆசிர் அதைச் செய்திருந்தான்.

போன நவம்பரில், இதே பாதையில். அப்போது யதிராஜும் அவனும் சேர்ந்து குழு நடத்தினார்கள். யதி திருப்பதிக்காரன், கோயில் கைங்கரியக் குடும்பம், வாய் கொஞ்சம் நீளம். ஆனாலும் வருகிறவர்கள் எல்லாம் அவனைத்தான் கேட்பார்கள். அன்றைக்கு ஸ்ரீ சிட்டி கம்பெனிகளிலிருந்து வந்த ஆட்களை ஆசிர் அருவிக் குளத்தின் ஆழத்துக்கு இறக்கிவிட்டான் என்று இருபது பேர் முன்னால் யதி கத்தினான். “உன்னை நம்பி ஒருத்தர் உசிரை ஒப்படைக்க முடியுமாடா?” சரியான கேள்விதான். சரியாக இருந்ததால்தான் வயிறு அப்படி எரிந்தது. திரும்பும்போது யாரோ மறந்துவிட்ட கேமராவை எடுக்க யதி மறுபடியும் குளத்துக்கு இறங்கினான். “நீ எல்லாரையும் கூட்டிண்டு போடா. ரிப்பனை நான் அவுத்துண்டு வரேன்,” என்றான். ஆசிர் போகிற வழியில் பதினேழையும் அவிழ்த்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். ஒரு ராத்திரி காட்டில் தவிக்கட்டும், வாய் அடங்கும் என்று நினைத்தான். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தான்.

மேகம் இறங்கிவிட்டால் அந்த மலையில் பிறந்தவனுக்கே பாதை தெரியாது. மூன்றாம் நாள் கிழக்குப் பள்ளத்தின் அடியில், தண்ணீரில் ஊறிக் கிடந்தான் யதி. ரிப்பன் எல்லாம் கட்டித்தான் இருந்தது, அதை அவிழ்த்துக்கொண்டு வரும்போது இருட்டில் வழுக்கியிருப்பான் என்று போலீசிடம் சொன்னான் ஆசிர். யதியின் அம்மா ஸத்யபாமாவின் முகத்தைப் பார்த்தும் அதையே சொன்னான். வீட்டுக்கு வந்து பின்கட்டில் பதினேழு துணியையும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினான். கேசியா யதியை அண்ணா அண்ணா என்று உயிரை விடுவாள். இன்றைக்கும் மாதம் ஒருமுறை பஸ் பிடித்துத் திருப்பதி போய் அந்த அம்மாவோடு உட்கார்ந்துவிட்டு வருகிறாள். அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது. ஜெயிலுக்குக்கூட அவன் அவ்வளவு பயப்படவில்லை.

மூடியிருந்த பாதையை இந்த மாதம்தான் திறந்தார்கள். அடுத்த வாரம் முதல் குழு வருகிறது, பாதையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருவரும் காலையில் கிளம்பினார்கள். கீழே ஜீப்பை நிறுத்திய செக்போஸ்ட்டில் ஃபாரஸ்ட் வாட்சர் ஹரிபாபு, “நாலு மணிக்குள்ள எறங்கிடணும் சார், மேகம் கட்டிக்கினு வருது,” என்று சொல்லித்தான் அனுப்பினார்.

இப்போது மணி இரண்டேமுக்கால். இரண்டாவது ரிப்பன், மூன்றாவது, நான்காவது. எல்லாவற்றிலும் மூன்று சுற்று, உள்ளே செருகிய நுனி. எல்லாவற்றிலும் அந்தக் கருகல் வாசனை, அதற்கு அடியில் அழுகிய இலையும் தேங்கிய தண்ணீரும் கலந்த இன்னொரு வாசனை. அருவிச் சத்தம் தூரம் போகப் போகக் குறையவேண்டும். அது குறையாமல், பாறைக்குப் பின்னால் யாரோ மெதுவாக மூச்சு விடுவதுபோல் கூடவே வந்துகொண்டிருந்தது.

“பக்கத்துலயே வா, கேசியா.”

“நீங்க போய்க்கினே இருங்க. நான் அவுத்துக்கினு வர்றேன்.”

யதி கடைசியாகச் சொன்ன அதே வார்த்தை. ஆனால் அவள் பாவம், தன் வேலையைத்தானே சொல்கிறாள்? முனகிக்கொண்டே நடந்தான்.

ஏழாவது ரிப்பனைத் தாண்டியதும் மேகம் இறங்கியது. பத்தடிக்கு அப்பால் மரம் எது, பாறை எது என்று தெரியவில்லை. எட்டாவது இடத்துக்கு வந்தான். அந்தக் காட்டுமல்லிச் செடி அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. ரிப்பன் இல்லை. கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது, இந்த நிமிடம்தான் யாரோ அவிழ்த்துவிட்டுக் கையை எடுத்ததுபோல. காற்றே இல்லை.

உத்தேசமாக வலப்பக்கம் போனான். அடுத்த கிளையும் ஆடியது. அதிலும் ரிப்பன் இல்லை.

யாரோ முன்னால் போகிறார்கள். அவிழ்த்துக்கொண்டே போகிறார்கள்.

மார்பில் தொங்கிய வாக்கிடாக்கியை எடுத்தான். “கேசியா, எங்க கீறே?”

“வந்துக்கினேதான் கீறேன். ஒம்பதாவது அவுத்துட்டேன்.”

ஒன்பதாவதா? அவன் ஏழுதானே பார்த்தான்!

“அங்கியே நில்லு! நகராத, நான் வர்றேன்!” என்று கத்திப் பட்டனை விட்டான். பட்டன் மேலே வரவில்லை. அந்தப் பாழாய்ப்போன பட்டன் ஈரம் பட்டால் சிக்கிக்கொள்ளும், மாற்றவேண்டும் மாற்றவேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நகத்தால் நெம்பினான். வரவில்லை. இனி இந்தப் பக்கத்துப் பேச்சுதான் போய்க்கொண்டிருக்கும், அந்தப் பக்கத்துப் பேச்சு இவனுக்குக் கேட்காது.

அப்போது பின்னால் செருப்புச் சத்தம். மேகத்துக்குள்ளிருந்து மஞ்சள் ரெயின்கோட், தலைத் தொப்பியை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தது. ஆசிருக்கு அழுகையே வந்துவிட்டது. கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள். விரல்கள் ஐஸாக இருந்தன.

“ரொம்பக் குளிருதா? ஒன்னுமில்ல, வா. கைய மட்டும் விட்டுடாத.”

அவள் பேசவில்லை. பயந்துவிட்டாள் என்று நினைத்தான். ஒற்றை ஆள் போகிற பாதை. அவன் முன்னால், அவள் பின்னால், இடையில் இறுகிய கை. நடந்தார்கள். பாதை பிரிந்தது. ரிப்பன் இல்லை. மறுபடி பிரிந்தது. இல்லை. ஒரே காட்டுமல்லிச் செடி மூன்றாவது தடவையாக எதிரே வந்து நின்றது. கிளை ஆடியது.

ஆசிரின் கால் நின்றுவிட்டது. இது தனக்கான கணக்கு. இவள் என்ன பாவம் செய்தாள்? இவளாவது கீழே போகவேண்டும். அதற்கு ஒரே வழிதான் இருந்தது. ஒரு வருஷமாக எதைச் சொல்லாமலிருக்கச் செத்துச் செத்துப் பிழைத்தானோ, அதைச் சொல்லவேண்டும், அதுவும் இவள் காதுபட.

“யதி!” என்று கத்தினான். “நான்தான்டா அவுத்தேன்! பதினேழையும் நான்தான் அவுத்தேன்! நீ பின்னாடி வர்றேன்னு தெரிஞ்சேதான் அவுத்தேன். எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன், உங்க அம்மாகிட்டயும் பொய் சொன்னேன். இவளுக்கு ஒன்னும் தெரியாது. இவள உட்டுடு!”

மலை கேட்டுக்கொண்டிருந்தது. பின்னாலிருந்த கை விலகவில்லை. இன்னும் இறுகியது. மன்னித்துவிட்டாளா? திரும்பி முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

அப்போது பார்த்தான். பத்தடி தள்ளி ஒரு சிவப்பு. ரிப்பன். அதற்கப்பால் இன்னொன்று. அதற்கும் அப்பால் இன்னொன்று.

“ஸ்தோத்திரம் ஆண்டவரே,” என்று விம்மிக்கொண்டே அவளை இழுத்துக்கொண்டு ஓடினான். ஒன்று. நான்கு. ஒன்பது. கருகல் வாசனை மூக்கை அடைத்தது. பதின்மூன்று. பதினாறு. மரங்கள் தீர்ந்தன. கடைசி ரிப்பன் ஒரு பட்டுப்போன குச்சியில். அதற்கப்பால் பாறை. பாறைக்கப்பால் ஒன்றும் இல்லை. கீழே, வெகு ஆழத்தில், தண்ணீர்ச் சத்தம்.

கிழக்குப் பள்ளம்.

மார்பில் ‘டிக்’ என்றது. பட்டன் தானாக மேலே வந்திருந்தது.

“ஏங்க,” என்றது கேசியாவின் குரல், வாக்கிடாக்கியில். அழுது ஓய்ந்த குரல். “நான் ஜீப்பாண்ட வந்து அரை அவர் ஆச்சு. நில்லுன்னீங்க, நின்னேன், நீங்க வரல. முன்னாடி போயிட்டீங்கன்னு நெனச்சு பதினேழும் அவுத்துட்டேன். இதோ, என் கையிலதான் கீது.”

ஆசிர் பட்டுப்போன குச்சியில் இருந்த ரிப்பனைப் பார்த்தான்.

“நீங்க பேசினது பூரா கேட்டுச்சு. ஹரிபாபுவும் கேட்டாரு. யாருகிட்ட சொல்லிக்கினு இருந்தீங்க?”

“கேசியா... திரும்ப கட்டிக்கினு வா. முதல்லருந்து கட்டிக்கினு வாம்மா. எனக்கு வழி தெரியல.”

வாக்கிடாக்கி ஒருமுறை இரைந்தது.

“யதி அண்ணாவும் இப்படித்தான் கூப்புட்டிருப்பாரு, இல்ல?” என்றாள். பிறகு அந்தப் பக்கம் அணைந்துபோனது.

கை இன்னும் அவன் கைக்குள் இருந்தது. குனிந்து அதை மட்டும் பார்த்தான். மூன்று நாள் தண்ணீரில் ஊறிய தோல். வெளுத்து, சுருங்கி, நகம் கழன்று. மஞ்சள் சட்டைக் கைக்குள்ளிருந்து இன்னொரு கை வந்தது. அதில் ஒரு சிவப்பு ரிப்பன், ஓரம் கருகியது.

“போலாமாடா?” என்றது, தொப்பிக்குள்ளிருந்து.

அவன் மணிக்கட்டையும் தன் மணிக்கட்டையும் சேர்த்துவைத்து, அவசரமே இல்லாமல் சுற்றியது. ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு நுனியை உள்ளே செருகியது.