டிக் போட்ட பிரேக்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மில்லுக்குள் நுழைந்தேன். தாடிக்கொம்பு ரோட்டில் இருக்கிற நூல் மில் அது. வாரம் முழுக்க இரைகிற இடம் லீவு நாளில் அடங்கிக் கிடந்தால் எனக்குப் பிடிக்காது. பழைய பஞ்சும் எண்ணெயும் கலந்த வாடை தொண்டையில் ஒட்டியது.

நான் சார்லஸ், பதினோரு வருஷமாக இங்கே ஃபிட்டர். புதிதாக வந்த மெயின்டனன்ஸ் இன்ஜினியர் அல்போன்சா எனக்கு முன்பே வந்திருந்தாள். பஞ்சைச் சிக்கெடுக்கும் நாலாம் நம்பர் மெஷின் மாதம் மூன்று தடவை நின்றுபோகிறது. ஏன் என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டாளாம். பெரிய துப்பறியும் புலி என்று எனக்கு எரிச்சல்.

எரிச்சல் என்ன எரிச்சல், பயம்தான். போன வருஷம் அந்த மெஷினில் சிக்கித்தான் கருப்பணன் செத்தான். ஆளின் கவனக்குறைவு என்று எழுதி ஃபைலை மூடினார்கள். மெஷின் கதவைத் திறந்ததும் உள்ளே சுற்றுகிற கம்பிப் பல் சிலிண்டரை நிறுத்த வேண்டிய பிரேக் அன்று வேலை செய்யவில்லை. அதைச் சோதித்ததாக ஷீட்டில் டிக் போட்டவன் நான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போட்டேன். எல்லா ஃபிட்டரும் அப்படித்தான் போடுவோம்.

அல்போன்சா மெயின் ஸ்விட்சை இறக்கிப் பூட்டிவிட்டு, பேரிங்கில் அதிர்வு பார்க்கும் மீட்டரை வைத்தாள்.

"சார்லஸண்ணே, இங்க பாருங்க."

எண் ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

"கரண்டே இல்ல. ஆனா நாடி மாதிரி அடிக்குது."

பேரிங் மூடியைத் தொட்டேன். காய்ச்சல்காரன் நெற்றி போலச் சுட்டது. வெடுக்கென்று விரலை எடுத்தேன்.

அவள் கதவைத் திறந்து சிலிண்டருக்குப் பக்கத்தில் கையை விட்டுத் தடவினாள்.

"பேரிங் ஏன் போச்சு?"

"கிரீஸ் இல்ல."

"வச்சதா டிக் இருக்கே?"

"வைக்கல மேடம். டிக் மட்டும் போட்டேன்."

மீட்டரில் துடிப்பு தணிந்தது.

"அப்ப கருப்பணன் செத்த அன்னைக்கு பிரேக் ஏன் பிடிக்கல?"

உண்மை தொண்டை வரை வந்தது. சொன்னால் வேலை போகும், ஜெயில். வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

"பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. அவன்தான் பாக்காம கைய விட்டான்."

சிலிண்டர் சுழன்றது.

அவள் சட்டைக் கையைக் கம்பிப் பற்கள் கவ்வின. இழுக்கிறாள், வரவில்லை. முழங்கை வரை உள்ளே போய்விட்டது.

"கருப்பணா, நான் பிரேக்கைப் பாக்கவே இல்லப்பா. என்னாலதான் நீ செத்த. அந்தப் பிள்ளைய விட்டுரு."

நின்றது.

சட்டை கிழிந்தது, தோல் உரிந்தது. கை தப்பியது. அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"எழுதிக்கங்க மேடம், கையெழுத்துப் போடுறேன்," என்றேன். "அவன் சம்சாரம் சிவனம்மாகிட்ட முதல்ல நானே சொல்லிட்டு வாரேன்."

அவள் காயத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். சிவனம்மாள் வீடு மில்லுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி. தனியாக நடந்தேன். வெயிலில் தெருவில் ஈ காக்கா இல்லை.

கதவைத் தட்டினேன். திறந்தாள். நான் பேச வாயெடுப்பதற்குள், முந்தானையைச் சரிசெய்துகொண்டு சாதாரணமாகச் சொன்னாள்.

"இம்புட்டு சீக்கிரம் வந்துட்டீக. சோறு இன்னும் வேகலையே."

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சொன்னாள்.