லூப்பருக்குள் ஒரு கதவு

அந்த வீட்டின் அழைப்பு மணி வேலை செய்யவில்லை. கதவைத் தட்டினேன். தட்டிய இடத்தில் பெயின்ட் உரிந்து விரலில் ஒட்டிக்கொண்டது. வேறு யாராவதாக இருந்தால் இதைக் கெட்ட சகுனம் என்று எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பார்கள். பழைய பெடல் ஒன்று கிடைக்கிறது என்றால் கிடார் வாசிக்கிறவன் சகுனமெல்லாம் பார்க்கமாட்டான். எரிகிற வீட்டுக்குள் நுழைந்தும், “அடாப்டர் இருக்கா?” என்றுதான் கேட்பான்.

நான் மாலை வேளைகளில் ஹோட்டல் வரவேற்புக் கூடங்களில் வாசிக்கிறவன். லிஃப்டுக்காகக் காத்திருப்பவர்கள்தான் என் ரசிகர்கள். லிஃப்ட் வந்ததும் ரசிகர் மன்றம் கலைந்துவிடும். தனியாளாக வாசிப்பதால், எனக்குப் பின்னால் இன்னொரு கிடார் ஒலித்தால் எப்படி இருக்கும் என்று வெகுநாள் ஆசை. அதற்குத்தான் இந்த மல்டி எஃபெக்ட்ஸ் பெடல். காலால் மிதிக்கிற இரும்புப் பெட்டி. கிடாரை அழவைக்கும், குகைக்குள் வாசிப்பது போல எதிரொலிக்க வைக்கும். அதிலேயே லூப்பர் என்று ஒரு பகுதி உண்டு. ஒரு துண்டை வாசித்து மிதித்தால் அதையே சுற்றிச் சுற்றி ஒலித்துக்கொண்டிருக்கும். அதன்மேல் இன்னொன்றை வாசித்துச் சேர்க்கலாம். அதற்கும் மேல் இன்னொன்று. அடுக்கடுக்காக.

கதவைத் திறந்தவர் ஒரு அக்கா. கூடத்து நாற்காலியில் அவருடைய தம்பி, தாடிக்காரர், பெடலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“வாங்க சார். இவன்தான் வாசிச்சிட்டிருந்தான். இப்போ பேச்சு வரல. எல்லா டாக்டரையும் பாத்தாச்சு, ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லைங்கறாங்க. ஒண்ணும் இல்லைன்னா பேச வேண்டியதுதானே? நாள் பூரா இந்தப் பெட்டியில காத வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். இது வீட்டை விட்டுப் போனாத்தான் உருப்படுவான்.”

தாடிக்காரர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அவசரமாக எதையோ தட்டச்சு செய்தார். அக்கா அதை அவர் கையிலிருந்து மெல்ல உருவிக்கொண்டார்.

“கண்டதையும் எழுதி என்னையே பயமுறுத்தறான் சார். டாக்டர் போன் குடுக்காதீங்கன்னு சொல்லிட்டாரு.”

அவர் விடவில்லை. பெடலின் வலது கோடியில் இருந்த லூப்பர் பொத்தானைச் சுட்டிக்காட்டினார். பிறகு தன் தொண்டையைத் தொட்டார். பிறகு இரண்டு கைகளையும் வேகமாக ஆட்டினார்.

“அந்த பட்டன் கொஞ்சம் இறுக்கமாம்” என்று அக்கா மொழிபெயர்த்தார். “நல்லா அழுத்தி மிதிக்கணுமாம்.”

அவர் தலையைப் பலமாக இடமும் வலமும் ஆட்டினார்.

“ஆமாங்கறான்.”

நான் நன்றி சொல்லிவிட்டு பெடலை வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டேன் என்பது மரியாதைக்கு. உண்மையில் அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் எடுக்க முடிந்தது. தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது அவர் வாசலில் நின்றிருந்தார். வாய் அகலத் திறந்திருந்தது, தூரத்தில் போகிற யாரையோ உரக்கக் கூப்பிடுவது போல.

வீட்டில் என் மனைவி கதவைத் திறந்தாள்.

“வந்துட்டாருய்யா வித்வான். என்னங்க இது, எடை பாக்கற மெஷினா?”

“பெடல்.”

“சைக்கிள் எப்போ வரும்?”

அவள் மழலையர் பள்ளி டீச்சர். ஒரு வகுப்புக் குழந்தைகளை ஒரே குரலில் உட்கார வைக்கிறவள். அதே குரலில்தான் என்னையும் உட்கார வைப்பாள், எழுப்புவாள், கலாய்ப்பாள். அந்தக் குரலுக்கு முன்னால் நான் எடுத்த எந்த முடிவும் அரை மணி நேரம் தாங்கியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். பழுதான வாஷிங் மெஷின் கிடக்கிற சின்ன அறைதான் என் ஸ்டுடியோ. கதவைத் தாழிட்டுக்கொண்டு வேலையில் இறங்கினேன். கிடாரிலிருந்து ஒரு கேபிள் பெடலுக்கு, பெடலிலிருந்து ஒரு கேபிள் ஆம்ப்ளிஃபயருக்கு. அடாப்டரைச் சொருகியதும் சின்னத் திரை பச்சையாக ஒளிர்ந்தது. கம்பிகளைச் சுருதி சேர்த்தேன். டிஸ்டார்ஷன் என்கிற கரகரப்பைக் குறைத்தேன், எதிரொலியைக் கொஞ்சம் கூட்டினேன்.

நான் எதையும் வாசிக்காதபோதும் ஸ்பீக்கரில் ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு. பழைய கருவிகளில் இரைச்சல் சகஜம். அதற்கென்றே நாய்ஸ் கேட் என்று ஒரு வசதி உண்டு. மெல்லிய சத்தங்களை வெளியே விடாமல் தடுத்துவிடும். குமிழைத் திருகினேன். சத்தம் அடங்கியது.

மூச்சு நின்றது மாதிரி.

பிறகு லூப்பரை மிதித்தேன். காலியாக இருக்கும் என்று நினைத்தால், உள்ளே ஏற்கெனவே ஒரு பதிவு இருந்தது. ஓர் ஆணின் குரல்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.”

தாடிக்காரர் நல்ல நாளில் தாளத்துக்காக எண்ணி வைத்தது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அழிக்க மனம் வரவில்லை. பாவம், பேச்சில்லாத மனிதரின் குரல். அதோடு, ஓசியில் ஒரு தாளம் கிடைத்தால் விடுவானா கலைஞன்? எண்ணிக்கையின்மேலேயே என் கிடாரைச் சேர்க்க மறுபடி மிதித்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. வாசிக்கத் தொடங்கினேன்.

கதவு தட்டப்பட்டது.

“ஏங்க, கதவத் திறங்க. எவ்வளவு நேரமா தட்டறேன்?”

துண்டு முடியும்வரை வாசித்து, இரண்டு முறை மிதித்து லூப்பரை நிறுத்திவிட்டுத்தான் “இதோ வரேன்” என்றேன். என் அகராதியில் அதற்கு வரமாட்டேன் என்று பொருள். அது அவளுக்கும் தெரியும்.

சாவகாசமாகக் கிடாரை இறக்கி வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். தட்டுவதற்காக ஓங்கிய கையோடு அவள் நின்றிருந்தாள். உதடுகள் அசைந்தன.

சத்தம் வரவில்லை.

முதலில் கோபம் என்றுதான் நினைத்தேன். பேசாமல் இருப்பது திருமண வாழ்க்கையின் அங்கீகரிக்கப்பட்ட ஆயுதம். பாத்திரம் கழுவினேன். ஒட்டடை அடித்தேன். கேட்காமலே மன்னிப்புக் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தி, போனில் தட்டிக் காட்டினாள். “கோவம் இல்ல. குரல் வரல. பயமா இருக்கு.”

பள்ளிக்கு விடுப்பு சொன்னோம். டாக்டர் மூக்கு வழியாகக் கேமரா விட்டுத் தொண்டையைத் திரையில் காட்டினார். எல்லாம் வழுவழுவென்று ஆரோக்கியமாக இருந்தது.

“ஒண்ணும் இல்லைங்க” என்றார்.

அந்த அக்காவும் இதையேதானே சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் பெடலைப் போட்டேன். அவளும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். லூப்பரை மிதித்தேன். எண்ணிக்கை வந்தது. என் கிடார் வந்தது. அதற்குப் பின்னால், தூரத்திலிருந்து வருவது போல,

“ஏங்க, கதவத் திறங்க. எவ்வளவு நேரமா தட்டறேன்?”

மைக் எதையும் நான் சொருகியிருக்கவில்லை. கிடாரில் இருக்கிற காந்தம் கம்பி அதிர்வதைத்தான் பிடிக்கும். மனிதக் குரலைப் பிடிக்காது. கதவுக்கு வெளியே நிற்பவளின் குரலை நிச்சயம் பிடிக்காது.

அவள் பெட்டியின்மேல் கையை வைத்தாள். தன் தொண்டையில் இன்னொரு கையை.

“ஏங்க, கதவத் திறங்க.”

ஒவ்வொரு சுற்றிலும் அதே வாக்கியம்தான். ஆனால் அந்தத் தட்டல் மட்டும் ஒரு சுற்றுக்கு ஒரு சுற்று பலமாகிக்கொண்டே வந்தது.

இரண்டு முறை மிதித்து நிறுத்தினேன். அடாப்டரையும் பிடுங்கினேன். மொத்தமாக அழித்துவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. அழித்தால் குரல் அவளிடம் வருமா, அல்லது எங்குமே இல்லாமல் போகுமா? அதைச் சோதித்துப் பார்க்கிற தைரியம் எனக்கில்லை.

அவளையும் பெடலையும் ஆம்ப்ளிஃபயரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்த வீட்டுக்கே போனேன்.

“திருப்பிக் குடுக்க வந்தீங்களா? வேணவே வேணாம் சார். அது போன நாள்லேருந்து இவன் சோறு தண்ணி இல்லாம...” என்று ஆரம்பித்த அக்கா, என் மனைவியைப் பார்த்தார். இவள் வாயைத் திறந்தாள். தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

அக்காவின் பேச்சு அறுந்தது. உள்ளே போய், எங்கோ ஒளித்து வைத்திருந்த போனைக் கொண்டுவந்து தம்பியின் கையில் வைத்தார். “எழுதுடா” என்றார் மெதுவாக. “இனிமே படிக்கிறேன்.”

தாடிக்காரர் வேகவேகமாகத் தட்டினார். நான் படித்தேன்.

“பொத்தான விடாம அழுத்திப் பிடிங்க. கடைசியா சேத்த அடுக்கு மட்டும் வெளிய வந்துடும். அது அவங்க. என்னோடது அடி அடுக்கு. அத எடுக்க முடியாது.”

அந்தக் கூடத்திலேயே எல்லாவற்றையும் இணைத்தேன். லூப்பர் ஓடத் தொடங்கியது. எண்ணிக்கை. கிடார். தட்டல், இப்போது உள்ளங்கையால் அறைவது போல. “ஏங்க, கதவத் திறங்க.” செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டைவிரலால் பொத்தானை அழுத்திப் பிடித்தேன்.

கிடார் மறைந்தது. தட்டல் மறைந்தது. எண்ணிக்கை மட்டும் மிஞ்சியது.

“ஏங்க” என்றாள் என் மனைவி.

கரகரத்த குரல்தான். ஆனாலும் அவளுடைய குரல். அவள் வாயிலிருந்து வந்த குரல்.

“எவ்வளவு நேரம்ங்க...” என்று அவள் சிரித்தாள், அழுதாள். அக்கா அவளைக் கட்டிக்கொண்டார். நானும் அழுதேன். என் அழுகை எப்போதுமே பார்க்கச் சகிக்காது என்பாள். அப்போதும் சொன்னாள்.

அங்கேயே அடாப்டரைப் பிடுங்கியிருக்க வேண்டும்.

ஆனால் தாடிக்காரர் என் காலடியில் உட்கார்ந்து ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து அவருடைய குரல் சுற்றிச் சுற்றி எண்ணிக்கொண்டிருந்தது. முடியாது என்று அவர் எழுதியிருந்தது கண்முன் இருந்தது. இருந்தாலும் ஒரே ஒரு தடவை பார்த்தால் என்ன? மேல் அடுக்கு வந்தது போல அடி அடுக்கும் வந்துவிட்டால்? மனம் இளகிவிட்டால் எனக்குப் புத்தி லீவு எடுத்துக்கொள்ளும்.

மறுபடி அழுத்திப் பிடித்தேன்.

அவர் பதறி எழுந்ததைப் பார்த்தேன். வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைக்க, முழு மூச்சோடு கத்தினார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

இந்த மாதிரிப் பெட்டிகளில் ஒரு முறை அழுத்திப் பிடித்தால் மேல் அடுக்கு நீங்கும். இரண்டாம் முறை அழுத்திப் பிடித்தால், நீங்கியது திரும்பி வந்துவிடும். கிடார் வாசிக்கிற எவனுக்கும் தெரிந்த சமாச்சாரம். எனக்கும் தெரியும்.

“ஏங்க, நாம கெளம்ப...” என்றாள் என் மனைவி. அந்த வார்த்தை பாதியில் நின்றது.

ஸ்பீக்கர் முடித்து வைத்தது.

“...கதவத் திறங்க.”

மூன்றாம் முறை அழுத்திப் பிடித்தால் போதும், வந்துவிடுவாள். அழுத்தத்தான் போனேன். அவசரத்தில் கால் வழுக்கியது. பிடித்து வைக்க வேண்டிய பொத்தானைச் சும்மா ஒரு தட்டுத் தட்டிவிட்டேன். தட்டினால் புதுப் பதிவு தொடங்கும். சிவப்பு விளக்கு எரிந்தது.

“இதோ வரேன்!” என்று கத்திவிட்டேன். “வரேன்டி, இதோ வரேன்!”

சுற்று முடிந்தது. விளக்கு பச்சையானது.

இன்னொரு முறை கத்த வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

இப்போது மேல் அடுக்கு நான். அவள் எனக்குக் கீழே போய், அவருடைய எண்ணிக்கையோடு ஒட்டிப்போய்விட்டாள். பொத்தானை அழுத்திப் பிடித்தால் நான் மட்டும் வெளியே வருவேன். என் குரல் எனக்குத் திரும்பக் கிடைக்கும். அவ்வளவுதான் கிடைக்கும்.

அழுத்தவில்லை. அவள் எவ்வளவோ சைகை காட்டினாள். போனில் எழுதித் திட்டினாள், “லூசா நீங்க? உங்களயாவது வெளிய எடுங்க.” நான் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டேன். காலமெல்லாம் தட்டிக்கொண்டு நிற்பவளுக்கு இதோ வரேன் என்று சொல்லவாவது அங்கே ஓர் ஆள் வேண்டாமா? வரமுடியாதவன்தான். இருந்தாலும்.

பெடல் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. அவள் பள்ளிக்குப் போவதில்லை. நான் ஹோட்டல்களில் வாசிக்கிறேன். பேச்சில்லாமல் வாசிப்பது ஸ்டைலாக இருக்கிறது என்று ஒரு மேனேஜர் பாராட்டினார். விடுமுறை நாட்களில் அக்காவும் தாடிக்காரரும் வருவார்கள். அக்கா எங்கள் மூவருக்குமாகச் சேர்த்துப் பேசுவார். அவர்கள் போன பிறகு நாங்கள் இருவரும் அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து லூப்பரைப் போட்டுக் கேட்போம். எங்கள் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கிற நேரம் அது ஒன்றுதான்.

நேற்று மதியம் நாய்ஸ் கேட்டை முழுவதுமாகத் திருகி அணைத்தேன். மெல்லிய சத்தங்கள் எல்லாம் வெளியே வரட்டும், அவள் மூச்சாவது கேட்கட்டும் என்றுதான்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.”

“ஏங்க, கதவத் திறங்க. எவ்வளவு நேரமா தட்டறேன்?”

“இதோ வரேன்.”

அதற்குப் பிறகு, இதுவரை கேட்டிராத ஒன்று கேட்டது. துருப்பிடித்த தாழ்ப்பாள் ஒன்று, அவசரமில்லாமல், உள்ளிருந்து விலகுகிற சத்தம்.

தட்டல் நின்றது.

என் மனைவி என் கையை இறுகப் பிடித்தாள். அடுத்த சுற்றுக்காகக் காத்திருந்தோம். எண்ணிக்கை வந்தது. என் குரல் வந்தது, இதோ வரேன், இதோ வரேன் என்று. அவள் குரல் வரவில்லை.

யாரோ அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

திறந்தது நான் இல்லை.