ஒரு கரண்டி உறைமோர்

நேற்று கரண்டி விட்டு எடுத்த பள்ளம் காலையில் இல்லை.

தயிரில் ஒரு கரண்டி எடுத்தால் அங்கே குழி விழும், குழியில் மஞ்சள் தண்ணீர் ஊறும், மறுநாளைக்குள் சுற்றியிருப்பதும் சரிந்து கூழாகிவிடும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பால் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் பதினொரு வருடமாகப் பாலையும் தயிரையும் முகர்ந்து முகர்ந்தே மூக்கு தேய்ந்த ரெனிதாவுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அவள் வீட்டு அடுப்பு மேடை மேல் இருந்த எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீரும் இல்லை, குழியும் இல்லை. மேல்பரப்பு வழவழவென்று மூடியிருந்தது. குழி இருந்த இடம் மட்டும், ஆறிவரும் புண்ணின் மேல் படரும் புதுத்தோல் மாதிரி லேசாகச் சிவந்திருந்தது.

பயப்பட வேண்டியவள் சந்தோஷப்பட்டாள். அன்று புதன்கிழமை, பத்தாவது நாள். சித்திரை மாதம், திருவேற்காட்டில் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் மூன்றாம் மாடி வீடு, ஃப்ரிட்ஜில் வைக்கவும் இல்லை. வேறு தயிராக இருந்தால் இந்நேரம் புளித்து, பொங்கி, பக்கத்து வீடுவரை நாறியிருக்கும். இது முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. தினமும் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்து, நோட்டில் குறித்து வந்தாள். கெட்டுப்போகாத தயிர். திங்கட்கிழமை பத்து மணிக்கு இதை டைரக்டர்கள் முன்னால் வைக்கப் போகிறாள், தன் பெயரில். இத்தனை வருடம் அவள் கண்டுபிடித்ததை எல்லாம் மேலதிகாரி பார்த்தசாரதி தன் பெயரைப் போட்டு மேலே அனுப்பிவிட்டு, இவளுக்குப் பொங்கலுக்கு ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்திருக்கிறார். இந்த ஒன்றை மட்டும் யாருக்கும் விட்டுத்தர மாட்டாள்.

இத்தனைக்கும் அது அவளுடையது இல்லை. திருடியது.

கல்லூரியில் அவளுக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் வேதமுத்து இறந்து, வேப்பம்பட்டில் முப்பதாம் நாள் பூசை. போயிருந்தாள். அவர் மனைவி தெரசா டீச்சர் ஒரு தடித்த நோட்டை அவள் கையில் கொடுத்து, "அய்யா ஒனக்குத்தான் குடுக்கச் சொன்னாரு, எடுத்துட்டுப் போம்மா. அடுக்களைப் பக்கம் மட்டும் போயிராத" என்றார். போகாதே என்றால் போகிற புத்தி. துண்டு சுற்றி, குழந்தையைப் படுக்க வைத்ததுபோல் மூலையில் வைத்திருந்த பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டி தயிர் எடுத்துக்கொண்டு வந்து, வீட்டில் பாலுக்கு உறை ஊற்றிவிட்டாள். நோட்டிலும் எண்களை மட்டும்தான் படித்தாள். நடுவில் பக்கம் பக்கமாக எழுதியிருந்ததை, கிழவர் கதை அளக்கிறார் என்று தள்ளிவிட்டாள்.

ஒரு அசட்டுத்தனமும் செய்திருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸ் பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில், கீழ்வீட்டு எழிலரசி தம்ளரோடு வந்து நின்றாள். கைக்குழந்தைக்காரி. "அக்கா, ஒரு ஸ்பூன் ஒறமோர் இருக்குதா? எங்கூட்ல பூனை கவுத்துடுச்சி." உப்பும் உறைமோரும் கேட்டு வந்தவரிடம் இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லை. பரிசோதனைக் கூடத்துக்கே ஒரு சொட்டு காட்டாதவள், கை தன்பாட்டுக்கு ஒரு கரண்டியை எடுத்து ஊற்றியதை பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உணர்ந்தாள்.

புதன்கிழமை மாலை தயிரில் ஒரு மயிர் கிடந்தது. தன் தலைமுடி என்றுதான் விரலால் எடுக்கப் போனாள். அது அரை விரல்கூட நீளமில்லை. செம்பட்டை நிறம், சொரசொரப்பு. பிடித்து இழுத்தால் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. ஈ உட்கார்ந்தால் மாட்டின் தோல் துடிக்குமே, அந்த மாதிரி கிண்ணத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை தயிர் ஒரு தரம் சிலிர்த்து அடங்கியது. வாயைக் கழுவினாள், சோப்புப் போட்டுக் கை கழுவினாள், பிறகு உட்கார்ந்து நோட்டில் நேரத்தைக் குறித்தாள். ஆசை அப்படி.

சனிக்கிழமை மதியம், இந்தத் தயிர் எங்கிருந்து வந்தது என்று டைரக்டர்கள் கேட்டால் என்ன சொல்வது என்ற யோசனையில், தள்ளிவைத்த பக்கங்களை எடுத்தாள். மின்விசிறி கடகடத்தது. சமையலறையிலிருந்து இளஞ்சூடான பால் வாசனை வந்தது, அதற்கு அடியில் ஈரத்தோலின் கவிச்சையும்.

ஊரில் மாடு வைத்திருக்கும் பாண்டியன் தன்னிடம் சொன்னதை, அவன் சொன்ன வாக்கிலேயே எழுதியிருந்தார் வேதமுத்து.

"கன்னு செத்துப்பூட்ச்சி சார். கன்னு இல்லன்னா மாடு பால் வுடாது. தோல உரிச்சி, வைக்கோல் அடைச்சி, மாட்டு முன்னாடி நிக்க வச்சேன். எல்லாரும் பண்றதுதான். நக்கி நக்கி பால் வுட்ச்சி. ஒரு வருசம், ரெண்டு வருசம். மடி வத்தவே இல்ல. தோலும் மக்கல. தொட்டா சுடுது சார். புது மயிர் மொளைக்குது. அப்புறம் உயிரோட ஒரு கன்னு போட்ச்சி பாருங்க, அத்த திரும்பிக்கூட பாக்கல. பச்சக் கன்னு காலடியில கத்திக் கத்தியே செத்துது. இது வைக்கோல நக்கிக்கினே நிக்குது."

அதன் கீழே வேதமுத்துவின் சொந்த வரிகள். அந்தத் தோலின் காது ஓரத்தில் நகக்கண் அளவு நறுக்கி வந்து, காய்ச்சி ஆறிய பாலில் போட்டாராம். ஆறு மணி நேரத்தில் உறைந்ததாம். 'பால் கெட வேண்டும் என்பது விதி. அதை நான் மாற்றிவிட்டேன்' என்று சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். என்ன ஒரு திமிர் என்று நினைத்தாள், அதே திமிர் தனக்கும் இருப்பது தெரிந்தே. கடைசிப் பக்கத்தில் கையெழுத்து கோணியிருந்தது.

'இது பாலைக் காப்பாற்றவில்லை. பாலைக் கேட்கிறது. நாக்கில் பட்டவரை விடாது. தெரசா அடுக்களையை விட்டு வருவதே இல்லை. ரெனிதா, நீயாவது வந்து கொதிக்கிற தண்ணீரை ஊற்று.'

செத்த கன்றின் காது. இத்தனை நாள், தினம் ஒரு துளி. சப்புக்கொட்டி ருசி பார்த்திருக்கிறாள். தொட்டியில் குனிந்து மஞ்சளாக வரும்வரை வாந்தி எடுத்தாள். நாக்கைத் துணியால் தேய்த்தாள். பிறகு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

தண்ணீர் சலசலத்தது. கொதித்தது. கிண்ணத்தின் மூடியைத் திறந்தாள். மயிர் இப்போது ஒன்றிரண்டு இல்லை. பூஞ்சை மாதிரி ஓரமெல்லாம் செம்பட்டையாகப் படர்ந்திருந்தது. ஊற்றிவிட்டால் தீர்ந்தது. திங்கட்கிழமையும் தீர்ந்தது. மறுபடி பார்த்தசாரதி, மறுபடி டிபன் பாக்ஸ்.

அடுப்பை அணைத்தாள்.

மயிரை வடிகட்டிவிடலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதில் அவளுக்கே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் தோன்றியது. அடுத்ததாக எழிலரசி நினைவுக்கு வந்தாள். அந்தக் குழந்தைக்கு என்னவாகுமோ என்றில்லை. இன்னொரு வீட்டில் இந்தத் தயிர் இருக்கிறது, நாளைக்கு எவனாவது அதைத் தன்னுடையது என்பான். அந்தக் கவலைதான் அவளைப் படியிறக்கியது.

கீழ்வீட்டுக் கதவு சாத்தாமல் இருந்தது. கூடத்தில் சேலைத் தூளி. அதற்குள் குழந்தை கை கால் உதைத்து, தொண்டை கட்டிய குரலில் அழுதுகொண்டிருந்தது. வெகுநேரமாக அழுதிருக்க வேண்டும். மூத்திரம் சொட்டித் தரையெல்லாம் ஈரம். பால் வாசனை மூக்கை அடைத்தது.

"எழில்?"

சமையலறையில் ஒரு சத்தம். சொரசொரப்பான சத்தம். சீராக. நிற்காமல்.

எட்டிப் பார்த்தாள்.

ஜன்னல் வெயிலில் எழிலரசி முட்டி போட்டுக் குனிந்திருந்தாள். முன்னால் சோறு வடிக்கும் குண்டான். அதிலிருந்து ஏதோ விளிம்புக்கு மேல் எழும்பியிருந்தது. முகம் இல்லை. கால் இல்லை. மயிர் மட்டும், ஈரமாக, ஒரே பக்கமாகப் படிந்து. அவள் நக்கினாள். அது அவள் நாக்குக்குச் சாய்ந்து கொடுத்தது. நக்கினாள். அவளுடைய நைட்டியின் முன்பக்கம் தொப்பலாக நனைந்து, சொட்டுச் சொட்டாகக் குண்டானுக்குள் விழுந்தது.

எழிலரசி நிமிர்ந்தாள். உதட்டில் செம்பட்டை மயிர் ஒட்டியிருந்தது. முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"சத்தம் போடாதக்கா," என்றாள் மெல்ல. "இப்பத்தான் கண்ண மூடிச்சி."

தூளியில் குழந்தை வீறிட்டது. எழிலரசி திரும்பவில்லை.

தூக்க வேண்டும், ரெனிதா, அந்தக் குழந்தையைத் தூக்கு. கால் நகரவில்லை. கண் குண்டானை விட்டு அகலவில்லை. எவ்வளவு சின்னது. எவ்வளவு பசியாக இருக்கும். வாயில் எச்சில் ஊறியது. கல்யாணமே ஆகாத, பிள்ளையே பெறாத அவளுடைய குர்த்தாவின் முன்பக்கம், இரண்டு இடத்தில், வெதுவெதுப்பாக நனையத் தொடங்கியது.