கிழிக்காத கடிதம்

கஸ்தூரி கடிதக் கம்பியை மேசைமேல் வைத்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"முப்பது வருஷம் தபால் குடுத்தவரு நீங்க. முத்திரையப் பாத்து ஒண்ணு சொல்லணும் பாய். இந்தக் கடுதாசி எங்கப்பன் ஊருக்கு என்னைக்கு வந்துது?"

அப்துல் ஹலீம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வில்லியனூரில் ஓய்வாக இருந்த அவரிடம் இப்படிச் சிலர் வருவதுண்டு. யாராவது வந்தால் பக்கத்து வெற்றிலைக் கடை நாகராஜன் கூப்பிடாமலே வந்து நிற்பான். இன்றும் நின்றான்.

அவள் குருவிநத்தம் சாமிநாதன் வாத்தியாரின் ஒரே மகள். வாத்தியார் இறந்து பதினைந்து நாள் ஆகிறது. மறுநாள் கருமாதி. தமக்கு வந்த கடிதங்களைத் தேதி வரிசையில் கம்பியில் குத்திவைப்பது அவர் வழக்கம். ஆறு வருடம் முன்பு, 1930இல், காரைக்காலிலிருந்து அவள் எழுதியதும் அதில் இருந்தது. ஒன்பது மாத மகன் இறந்துவிட்டான், உடனே வரவும்.

"வரல. பதிலா ஒரு கடுதாசி வந்துது. பேரனுக்குப் பல் முளைத்ததான்னு. செத்த புள்ளைக்குப் பல்லு! மூணு மாசம் கழிச்சு வந்து வாசல்ல நின்னாரு. நான் கதவத் தொறக்கல. அப்புறம் வந்த கடுதாசியெல்லாம் பிரிக்காமலே திருப்பிட்டேன்."

"இப்ப என்ன செய்யப் போற?"

"நாளைக்கு ஆத்தங்கரையில சொந்தம் பூரா நிக்கும். இதப் படிச்சுக் காட்டிட்டு அவரு காகிதம் அத்தனையும் கொளுத்துவேன். பெரிய மனுசன்னு அழுவறாங்க இல்ல? நல்லா அழுவட்டும்."

"கம்பிய யாரு குடுத்தது?"

"மாரிமுத்து மாமா. அம்மாகூடப் பொறந்தவரு, பக்கத்து வூடு. கரும்பாலை வச்சு வெல்லம் காய்ச்சறாரு. அப்பாவுக்குப் பாகூர்லேர்ந்து தபால் வாங்கியாறது அவருதான். அவரு புள்ளைய நான் கட்டிக்க மாட்டேன்னேன். அத மனசுல வைக்காம, 'ஒங்கப்பன் பண்ணத நீயே பாரு'ன்னு எடுத்துக் குடுத்தாரு."

ஹலீம் கடிதங்களைப் புரட்டினார். ஒவ்வொன்றிலும் கம்பித் துளையைச் சுற்றித் துரு படிந்திருந்தது. அவளுடையதில் இல்லை. அதன் மடிப்பில் இரண்டு எறும்புகள் செத்து ஒட்டியிருந்தன. முகர்ந்து பார்த்தார்.

"கம்பி இன்னைக்கு இங்க இருக்கட்டும். நாளைக்கு நானும் வரேன். நீ படிக்கறதுக்கு முன்னால ஒரு கேள்வி கேக்க விடும்மா."

அவள் போனதும் நாகராஜன் அவள் கடிதத்தின் உறையைப் பிடுங்கிக்கொண்டான். "பாகூர் முத்திரை ஏப்ரல் ஒன்பது. வாத்தியார் பல்லக் கேட்டது இருபதாந்தேதி, இந்தா, அந்தப் பொண்ணு வச்சுட்டுப் போன கடுதாசி. தெரிஞ்சேதான் எழுதியிருக்காரு பாய். இதுல துப்பறிய இன்னா இருக்கு?"

"கம்பி முழுக்கப் படிச்சுப் பாரு நாகராஜா. சாவுச் சேதி எத்தனைன்னு எண்ணு."

மறுநாள் தென்பெண்ணையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஓடியது. சடங்கு முடிந்து பந்துக்கள் கரையில் நின்றார்கள். கஸ்தூரி, நாகராஜனோடு வந்திருந்த ஹலீமிடம் கடிதத்தை வாங்கிக்கொண்டு முன்னால் வந்தாள். ஹலீம் மாரிமுத்துவைப் பார்த்தார்.

"இத வாத்தியார் படிச்சாரா?"

"படிச்சாரு. படிச்சுட்டுக் கம்பியில குத்தனாரு. நான் கண்ணால பாத்தேன் பாய்."

"நாகராஜா?"

"மொத்தம் நாப்பத்தோரு கடுதாசி. சாவுச் சேதி இது ஒண்ணுதான். வாத்தியாரோட சொந்த அண்ணன் செத்த கடுதாசிகூட இல்ல."

"எப்படி இருக்கும்?" என்றார் ஹலீம். "சாவுக் கடுதாசியப் படிச்சதும் வாசல்லயே கிழிச்சுப் போட்டுட்டுத்தான் உங்காளுங்க உள்ள போவாங்க. முப்பது வருஷம் வாசல்ல நின்னு பாத்திருக்கேன். வாத்தியாரும் அப்படித்தான் கிழிச்சிருக்காரு. இது முழுசா இருக்குன்னா, இது அவரு கைக்கே வரல. துளையில துருகூட இல்ல. குத்தி நாலு நாள் ஆயிருந்தா அதிகம்."

கூட்டம் அசைந்தது.

"இது ஆறு வருஷம் எங்க இருந்துது? மடிப்புல எறும்பு. மோந்து பாருங்க, பாகு வாசனை. ஆலைக் கொட்டகையில செருகி வச்சீங்க மாரிமுத்து. சாவுக் கடுதாசி வூட்டுக்குள்ள ஆகாதுன்னு பயம். உங்க வூட்டுக்கு ஆகாதது, வாத்தியார் வூட்டுக்கு மட்டும் ஆகுமா?"

மாரிமுத்து தலையைத் தூக்கினார். அவர் முகத்தில் வெட்கம் இல்லை.

"என் புள்ளைய வேணாம்னா. இவ அப்பனும் சரின்னான். ஒருத்தர ஒருத்தர் நெனச்சு வேவட்டும்னு வச்சேன். வெந்தாங்க இல்ல?"

நாகராஜன் பாய்ந்தான். ஹலீம் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கஸ்தூரி கடிதத்தைக் குறுக்கே கிழித்தாள். மறுபடி கிழித்தாள். துண்டுகளை ஆற்றில் விட்டாள்.

"இப்பதாம்பா ஒனக்குக் கடுதாசி சேந்துது."

தண்ணீரில் இறங்கினாள். மகன் பெயரைச் சொல்லி ஒரு முழுக்குப் போட்டாள். "அப்பா" என்று இன்னொன்று. அதோடு கரையேறுவாள் என்று நினைத்தார்கள். அவள் ஈரத் தலையோடு திரும்பி மாரிமுத்துவைப் பார்த்தாள்.

"எங்க மாமா செத்து ஆறு வருஷம் ஆவுது. எனக்கு இன்னைக்குத்தான் சேதி வந்துது."

மூன்றாம் முறை முழுகினாள்.

கரையில் மாரிமுத்துவின் மனைவி தையலம்மாள் அவர் பக்கத்திலிருந்து ஓரடி தள்ளி நின்றாள். பிறகு மற்றவர்களும்.