மாறனின் பொரி பஸ்

இருபத்தொரு பொரி உருண்டையையும் தானே பிடித்துவிடுவதாகக் கவிநிலா அம்மாவிடம் சவடால் விட்டிருந்தாள். வயது என்னவோ பத்துதான். பேச்சைக் கேட்டால் நாற்பது என்று சொல்லலாம்.

கார்த்திகை தீபத்தன்று சாமிக்கு இருபத்தொரு பொரி உருண்டை படைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஒன்றுகூடக் குறையக் கூடாது. அம்மா சரசு வெல்லப் பாகு காய்ச்சி, பொரியும் தேங்காய்த் துண்டுகளும் கலந்ததில் ஊற்றிக் கிளறிக் கொடுத்தாள். சூட்டோடு சூடாகப் பிடித்துவிட வேண்டும். ஆறினால் பாகு இறுகிவிடும். அப்புறம் கெஞ்சினாலும் கொஞ்சினாலும் பொரி ஒட்டாது.

தம்பி மாறனுக்கு ஐந்து வயது. நானும் பிடிப்பேன் என்று அவன் அம்மாவின் முந்தானையை விடவில்லை. சூடு தாங்க மாட்டான் என்று அம்மா ஒரு பிடி பொரியைக் கொஞ்சம் ஆறவிட்டு அவன் கையில் வைத்தாள். மாறன் உள்ளங்கையில் அரிசி மாவைத் தடவிக்கொண்டு உருட்டினான், அமுக்கினான், நாக்கைத் துருத்திக்கொண்டு நாலு பக்கமும் தட்டினான். உருண்டை வரவில்லை. கோணல்மாணலாக நீளமாக ஏதோ ஒன்று வந்தது. அதன் இரண்டு பக்கமும் தேங்காய்த் துண்டுகளை வரிசையாகப் பதித்தான்.

“இது என்னடா?” என்றாள் கவிநிலா.

“பஸ்ஸு. அப்பாவுக்கு.”

அப்பா அர்ஜுனன் பஸ் டிரைவர். தீபத்துக்கு ஊரே கொள்ளாத கூட்டம் வருமே! ஸ்பெஷல் பஸ் ஓட்டப் போனவர் மூன்று நாளாக வீட்டுப் பக்கம் வரவில்லை. அன்று சாயங்காலம் நாலு மணிக்கு வேலூர் ரோட்டுத் தற்காலிக பஸ் ஸ்டாண்டில் கால் மணி நேரம் நிற்பேன், பிள்ளைகளைக் கூட்டி வா என்று தெரிந்தவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். இவர்கள் வீடு வேங்கிக்காலில். நடந்தே போய்விடலாம்.

மாறன் பஸ்ஸைத் தட்டில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு சாகிலைக் கூட்டி வந்து காட்ட ஓடினான். அம்மா தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனாள்.

கவிநிலா எண்ணிப் பார்த்தாள். இருபது. மறுபடியும் எண்ணினாள். அதே இருபதுதான்! ஆரம்பத்தில் ஆசை ஆசையாகப் பெரிய உருண்டைகளாகப் பிடித்ததன் வினை. பாத்திரத்தின் அடியில் பாகு இருந்தது, பொரி இல்லை. அந்தப் பாகும் இறுகிக்கொண்டே வந்தது. பெருமை பேசிவிட்டு அம்மாவிடம் எப்படி ஒன்று குறைகிறது என்று சொல்வது?

அவள் கண் மாறனின் பஸ்மேல் போனது.

சின்னப் பையன், சாயங்காலத்துக்குள் மறந்துவிடுவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பஸ்ஸை எடுத்து நொறுக்கினாள். அடிப் பாகில் போட்டுப் புரட்டி, அழகாக ஓர் உருண்டை பிடித்து மற்றவற்றோடு வைத்தாள். பாகு ஆறுவதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

சாகிலின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாறன் வந்தான். தட்டு காலியாக இருந்தது.

“எங்கடா பஸ்ஸு?” என்றான் சாகில்.

எறும்பு ஏறிவிட்டது, அதனால் வாசலில் போட்டேன் என்றாள் கவிநிலா. சாகில் உடனே வாசலுக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்து, அங்கே ஒன்றும் இல்லையே என்றான். அதை மாடு தின்றுவிட்டது என்றாள் கவிநிலா. ஒரு பொய்க்கு இன்னொரு பொய் துணைக்கு வந்தது.

மாறன் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. தெருமுனையில் ஒரு மாடு அசைபோட்டுக்கொண்டு நின்றது. அதன் எதிரில் போய் நின்று, “நல்லா இருந்துச்சா?” என்று கேட்டான்.

கவிநிலா இதை ஜன்னல் வழியே பார்த்தாள். இப்போதே ஓடிப்போய்ச் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி. அந்த இருபத்தொன்றில் பஸ்ஸை நொறுக்கிப் பிடித்தது எது என்று இப்போது அவளுக்கே தெரியவில்லை.

நாலு மணிக்கு மூவரும் பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். எங்கே பார்த்தாலும் ஜனம். அப்பாவின் பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. அவருடைய கண்கள் சிவந்திருந்தன, தாடி முளைத்திருந்தது. அம்மா கொடுத்த புளிச்சோற்றை பஸ் படியிலேயே உட்கார்ந்து வேகவேகமாகச் சாப்பிட்டார்.

மாறன் அவர் முழங்காலில் சாய்ந்துகொண்டு, அவருக்காகப் பொரியில் பஸ் செய்த கதையைச் சொன்னான். எத்தனை ஜன்னல் வைத்தான் என்பதையும் விடவில்லை.

“எங்க, குடு பாக்கலாம்” என்று அப்பா கையை நீட்டினார்.

“மாடு தின்னுடுச்சுப்பா. அக்காவே பாத்தா. நான் மாட்டுகிட்ட கேட்டேன். நல்லா இருந்துச்சுன்னு தலய ஆட்டுச்சு.”

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். மாறனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கவிநிலாவுக்கு மட்டும் அங்கே நிற்க முடியவில்லை. அக்காவே பாத்தா என்று எவ்வளவு நம்பிச் சொல்கிறான்! அவள் வாயிலிருந்து தானாகவே வார்த்தை வந்தது.

“மாடு தின்னலப்பா. நான்தான் உடைச்சேன். ஒரு உருண்ட கம்மியா இருந்துச்சு.”

சிரிப்பு நின்றது. மாறன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

“அப்போ மாடு?”

“மாடு ஒண்ணும் பண்ணலடா.”

அப்போதுதான் மாறன் அழுதான். மாடு தின்றபோது வராத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. அப்பா அவனைத் தூக்கிக்கொண்டார். ஆனால் கால் மணி நேரம் முடிந்துவிட்டது. கண்டக்டர் விசில் ஊதினார். அழுகிற பிள்ளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அப்பா வண்டியில் ஏறினார். மூன்று நாள் கழித்துக் கிடைத்த கால் மணி நேரம். அதுவும் அழுகையில் போய் முடிந்தது. எல்லாம் தன்னால்தான் என்று கவிநிலாவுக்கு மனசு ஆறவே இல்லை.

அன்று மலைமேல் தீபம் ஏற்றியபோது ஊரே கைகூப்பியது. கவிநிலாவும் கூப்பினாள். பிரசாதமாகக் கொடுத்த பொரி உருண்டையை மட்டும் அவளால் தின்ன முடியவில்லை.

மறுநாள் அவள் மாறன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இன்னொரு பஸ் செய்யலாமா என்று கேட்டாள்.

மாறன் நிபந்தனை போட்டான். “நீ தொடக் கூடாது.”

“தொட மாட்டேன்.”

“ஜன்னல்கூட வெக்கக் கூடாது.”

“வெக்க மாட்டேன்.”

கவிநிலா அம்மாவிடம் கேட்டு இன்னும் கொஞ்சம் பொரி வாங்கி வந்தாள். தேங்காயைக் கீறிக் கிண்ணத்தில் வைத்தாள். அம்மா பாகு காய்ச்சினாள். மாறன் உருட்டினான், அமுக்கினான், தட்டினான். பஸ் முன்னைவிடக் கோணலாக வந்தது. இந்தப் பக்கம் லேசாக ஓர் அழுத்து அழுத்தினால் நேராகிவிடும் என்று கவிநிலாவின் விரல்கள் துறுதுறுத்தன. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து அப்பா வீட்டுக்கு வந்தார். குளித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்ததும், மாறன் தட்டை அவர் முன்னால் வைத்தான்.

அப்பா குனிந்து அதை நாலு பக்கமும் பார்த்தார். வண்டி ஏன் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று கேட்டார். பஞ்சர் என்றான் மாறன். யார் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அப்பா கேட்க, மாறன் தேங்காய்த் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான். இது டிரைவர் அப்பா. இது அம்மா. இது நான். இது சாகில். இது மாடு.

“அக்காவுக்கு சீட் இல்லியா?”

மாறன் ஓரக்கண்ணால் அக்காவைப் பார்த்தான். கவிநிலா தலையைக் குனிந்துகொண்டாள். இல்லை என்று சொன்னாலும் அவன்மேல் தப்பில்லை என்றுதான் நினைத்தாள்.

“சீட் இல்ல. வேணும்னா நின்னுக்கினு வரட்டும்” என்றான் மாறன்.

கவிநிலா சட்டென்று எழுந்து நின்றுகொண்டாள்.