இரண்டு கைக்கும் மாவுக்கட்டு

டிர்ர்ர்ரிங்...

கொடைக்கானல், 1962. காலை எட்டு மணி. ஜன்னலுக்கு வெளியே ஒரே பனிமூட்டம்.

எலும்பு டாக்டர் குருநாதன் ரிசீவரை எடுத்தார்.

"டாக்டர்! இன்ஸ்பெக்டர் பேசறேன். அட்டுவம்பட்டி பங்களாவுல ஒரு கொலை. சவரக் கத்தியால கழுத்தை அறுத்திருக்கான். உங்க ஆஸ்பத்திரி சீட்டை அங்கேயே போட்டுட்டு ஓடிட்டான். பேரு செல்லப்பாண்டி!"

டாக்டர் மெல்ல நிமிர்ந்து பார்த்தார்.

செல்லப்பாண்டி எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான்! மடியில் சவரப் பெட்டி. சட்டையில்... ரத்தம்! "இ... இங்கேதான் இருக்கான்!" என்று ரிசீவருக்குள் கிசுகிசுத்தார் டாக்டர்.

"பத்து நிமிஷம் பிடிச்சு வைங்க. வந்துடறேன்."

டக்!

"டாக்டரய்யா, ஒரு சமாச்சாரம் சொல்லணுங்க..." என்றான் செல்லப்பாண்டி.

"மு... முதல்ல மணிக்கட்டு!" டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்தார். "ரெண்டு கையிலயும் மூட்டு தேஞ்சு போச்சு."

"பழனியில இருவது வருசம் மொட்டை போட்ட கைங்க. இப்ப கத்தியத் திருப்புனா உசுரு போகுது."

யாருடைய உசுரு?

"ஆபரேஷன்ல ரெண்டு வழி இருக்கு. இடுப்பெலும்புல துண்டு எடுத்து வச்சு மணிக்கட்டை ஒட்டிடலாம். வலி போயிடும், ஆனா கை வளையாது. இல்லேன்னா, கெட்டுப்போன சின்ன எலும்புகளை எடுத்துடலாம். வளையும். வலி கொஞ்சம் மிஞ்சலாம்."

"வளையாட்டி என் சோலி போச்சே! அய்யா, அந்த பங்களாவுல..."

"பேசாதே!" அலறியே விட்டார். பயத்திலும் ஒரு யோசனை பிறந்தது. "ஒட்டறதுக்கு முன்னால மாவுக்கட்டு போட்டுப் பார்க்கணும். வளையாத கையோட பிழைக்க முடியுமான்னு தெரியணுமில்ல? ரெண்டு கைக்கும்!"

போலீஸ் விலங்கு வருவதற்குள் ஆஸ்பத்திரி விலங்கு!

துணிச் சுருளை நனைத்துச் சுற்றினார். சுற்றினார். விரல்களைக்கூட விடவில்லை.

கட்டு இறுகியது. கதவு திறந்தது.

காக்கி இல்லை. ஸ்வெட்டர் போட்ட ஒருவன்.

"டாக்டர், நான்தான் போன் பண்ணினவன்."

செல்லப்பாண்டி துள்ளி எழுந்தான்.

"அய்யா! கொன்னவன் இவன்தான்! சவரம் பண்ணப் போன எடத்துல, என் கத்தியப் பிடுங்கி அறுத்தான்! அதைச் சொல்லத்தானே வாயத் தொறந்தேன்!"

வந்தவன் கதவைத் தாழிட்டான். ஸ்வெட்டருக்குள்ளிருந்து அதே கத்தி...

டாக்டர் செல்லப்பாண்டியின் கட்டுகளைப் பார்த்தார். கொலையைப் பார்த்த ஒரே சாட்சி. அவன் இரண்டு கையையும் அவரே கட்டிப் போட்டுவிட்டார்! படித்த முட்டாள்!

"கட்டிக் கொடுத்ததுக்கு தேங்க்ஸ். அவனுக்கு அப்புறம் நீங்க!"

கத்தி பாய்ந்தது...

மடார்!!

செல்லப்பாண்டியின் இடது மாவுக்கட்டு வந்தவன் தாடையில் இறங்கியது! கத்தி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். பேச்சுமூச்சில்லை.

மேஜைக்கு அடியிலிருந்து டாக்டரின் தலை நீண்டது. மரியாதையும் தானாக வந்தது.

"க... கை வலிக்குதுங்களா?"

"வலிக்கலீங்க. வலது கைய வளையிற மாதிரியே பண்ணிடுங்க, சவரத்துக்கு ஆகும். இடதை வளையாம ஒட்டிடுங்க."

"அது எதுக்கு?"

"உங்ககிட்ட வைத்தியத்துக்கு வந்தா உசுரோட திரும்பணுமில்ல!"