வளர்த்திக்கு விட்ட துணி

கம்ப்யூட்டரில் கால்குலேட்டரைத் திறந்ததும் மூலையில் அந்தச் சின்ன ‘எம்’ தெரிந்தது. உள்ளே ஓர் எண்ணைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன் என்று அது காட்டும் அடையாளம். நேற்றுக் கடை மூடும்போது அவள் அதை அழித்துவிட்டுத்தான் மூடினாள். அழித்தது நன்றாக நினைவிருந்தது.

வீட்டின் முன்னறைதான் தையல்கடை. ஈரத்துணிமேல் இஸ்திரிப் பெட்டி இழுத்த வாசனையும், துணியில் கோடு போடும் சாக்குக்கட்டித் தூளும், தையல் மெஷின் எண்ணெயும் கலந்து அந்த அறைக்கென்று ஒரு மணம் உண்டு. கால்குலேட்டரை அமைத்துக் கொடுத்தது கணவன். வேறு எது திறந்திருந்தாலும் அதற்கு மேலேயே நிற்கும்படி வைத்திருந்தான். புள்ளிக்குப் பின்னால் இரண்டே இலக்கம். கால் இஞ்சுக்குக் கீழே கணக்குப் பார்ப்பவன் தையல்காரன் இல்லை, கஞ்சன் என்பது அவன் கட்சி. அவள் கையில் எப்போதும் டேப்பும் கத்தரியும் இருக்குமே என்று, எண்களை வாய்விட்டுப் படிக்கவும் வைத்திருந்தான். சளி பிடித்த பெண்குரல். எஃப் இரண்டு பொத்தானில் ‘வளர்த்தி’யை ஏற்றியிருந்தான். பிள்ளையின் அளவைத் தட்டி அதை அழுத்தினால், மடித்து உள்ளே ஒளித்துத் தைக்க வேண்டிய துணியையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். பழைய சட்டை ஒன்றை அளவுக்குக் கொண்டுவந்த பெண் அன்றைக்கு நாற்காலியை விட்டு எழுந்திருப்பதாக இல்லை.

“ரெண்டு வருஷத்துக்கு வர்ற மாதிரி விட்டுத் தைங்கக்கா. பையன் நெடுநெடுன்னு வளர்றான்.”

“ரெண்டு வருஷமா? அப்ப கல்யாணத்துக்கும் சேர்த்தே தைச்சுடட்டுமா?”

“தைங்களேன். கூலியையும் கல்யாணத்தப்பவே வாங்கிக்கோங்க.”

இருவரும் சிரித்தார்கள். அந்தப் பெண் போனபிறகுதான் அவள் கால்குலேட்டருக்குள் இருக்கும் எண்ணை வரவழைத்தாள்.

“பதினெட்டு புள்ளி ஐந்து பூஜ்யம்.”

சிரிப்பு வாயிலேயே உறைந்துவிட்டது. பதினெட்டரை. அவளுடைய மகனின் கடைசிச் சட்டை உயரம்.

போன மழைக்காலத்துக் காய்ச்சலில் போனவன். அன்றைக்குக் கணவனால் மெஷினில் உட்கார முடியவில்லை. கை நிறையப் பட்டன்களை இறுக்கிப் பிடித்தபடி வாசற்படியில் கிடந்தான். அவள்தான் வெட்டினாள், அவள்தான் தைத்தாள். சவப்பெட்டிக்குள் போகிறவர் சட்டையில் மடிப்புத் துணி விடுவதில்லை என்பது தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த கட்டுப்பாடு. அளவு எதுவோ அதுதான் துணி. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பதினெட்டரையைத் தட்டிய விரல், பழக்க தோஷத்தில் எஃப் இரண்டையும் தட்டிவிட்டது. “இருபது” என்றது குரல். இருபதுக்கே வெட்டிவிட்டாள். இஸ்திரி போடும்போதுதான் தெரிந்தது, உள்மடிப்பில் ஒன்றரை இஞ்சு சுருண்டு படுத்திருந்தது. கத்தரியை எடுத்தாள். வைத்துவிட்டாள்.

வளரட்டுமே.

இதையெல்லாம் சொல்லாமல், “ஏங்க, இந்த எம் போகமாட்டேங்குது, பாருங்க” என்று மட்டும் கணவனைக் கூப்பிட்டாள். அவன் எண்ணைப் பார்க்காமலே அமைப்புகளுக்குள் போனான். ‘மூடும்போது நினைவில் இருப்பதை வைத்துக்கொள்’ என்ற வரிக்கு எதிரே ஒரு டிக் இருந்தது. எடுத்துவிட்டான்.

“அவ்வளவுதான். மறக்கக் கத்துக் குடுத்துட்டேன்.” போகிற போக்கில், “எனக்கும் யாராவது கத்துக் குடுத்தா தேவல” என்றான்.

மறுநாள் காலையில் திறந்தாள். எம் இருந்தது. டிக் இல்லை. “பதினெட்டு புள்ளி ஏழு ஐந்து.”

கால் இஞ்சு.

பிறகு பத்தொன்பது. பிறகு பத்தொன்பதே கால். கணவனிடம் சொல்லவில்லை. பல் விளக்கும் முன்னாலேயே வந்து திறந்தாள். பயம் இருந்தது, பயத்துக்கு அடியில், சொல்லவே கூசுகிற ஒரு சந்தோஷமும் இருந்தது. இந்நேரம் கைநீளம் எவ்வளவு வந்திருக்கும், தோள் அகன்றிருக்குமா என்று துணியை வெட்டும்போதெல்லாம் மனசு தானாகக் கணக்குப் போட்டது. இருபது என்று குரல் சொன்ன அன்றைக்கு மட்டும் உட்கார்ந்து அழுதாள். விட்ட துணி தீர்ந்துவிட்டது. இத்தோடு நின்றுவிடுவான்.

நிற்கவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், அவள் எதையும் அழுத்தாமலே குரல் சொன்னது: “இருபத்தொன்று புள்ளி ஐந்து பூஜ்யம்.” மெஷினை நிறுத்திவிட்டுக் கணவன் திரும்பினான்.

“இது யார் அளவு?”

அவள் சொன்னாள். எஃப் இரண்டைச் சொன்னாள். உள்மடிப்பைச் சொன்னாள். அவன் மெஷினை விட்டு எழுந்துவந்தான்.

“விட்டா தைச்சே? அவனுக்கா?”

“மனசு வரலைங்க, வெட்ட.”

“அழிச்சுடு. இப்பவே அழிச்சுடு.”

“நீங்களே அழிங்க.”

மவுஸின் மேல் கை வைத்தான். அம்புக்குறி அழிக்கும் பொத்தானின்மேல் போய் நின்றது. கையை எடுத்துக்கொண்டான்.

“பட்டன் தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வரேன்” என்று குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினான். மேஜைமேல் டப்பா நிறையப் பட்டன் இருந்தது.

அவள் தனியாக இருந்தாள். தகரத்தில் மழை ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது. குழல்விளக்கு ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டு மங்கலாக எரிந்தது. இஸ்திரி மணத்துக்கும் சாக்குக்கட்டி மணத்துக்கும் நடுவே இன்னொன்று மெதுவாக நுழைந்து உட்கார்ந்தது. வெட்டிப் புரட்டிய ஈரமண்.

“இருபத்திரண்டு.”

பட்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். தையல்காரிக்குத் தெரியாத சத்தமா? சட்டை பிடித்து, கக்கத்தில் ஒரு தையல் விடுகிற சத்தம். அளவு பார்க்கப் பிள்ளைகள் சட்டையைப் போட்டுப் பார்க்கும் மூலையிலிருந்து வந்தது. அங்கே கம்பியில் பச்சைத் திரை தொங்கியது. திரை அசையவில்லை.

“இருபத்தைந்து.”

பட். பட்.

‘அம்மா, கக்கத்துல பிடிக்குது.’ யாரும் சொல்லவில்லை. ஆனால் முன்பெல்லாம் அவன் எந்த இடத்தில் நின்று சொல்வானோ, அந்த இடத்தில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

அவள் மவுஸைப் பிடித்தாள். ஓர் அழுத்து. எல்லாம் முடிந்துவிடும். முடிந்தேவிடும். அந்தக் காய்ச்சல் படுக்கையில் அவன் கையை விட்ட விரல் இதுதான். இன்னொரு முறை விட வேண்டும்.

மவுஸைத் தள்ளிவிட்டு வெள்ளைத் துணியை மேஜையில் விரித்தாள்.

“முப்பது.”

கோடு போட்டாள். கோடு போட்டு முடிவதற்குள், “முப்பத்து நான்கு.” அழித்தாள். மறுபடி போட்டாள். சாக்குக்கட்டி உடைந்தது. இது பிள்ளை அளவில்லை. பெரிய மனுஷன் அளவுமில்லை.

“இரு கண்ணு. அம்மா தைச்சுட்டே இருக்கேன்.”

“நாற்பத்தொன்று.”

திரைக்கு அடியில் இரண்டு பாதங்கள். விரலிடுக்கில் மண். அப்போதுதான், பயந்து பயந்து, மேலே பார்த்தாள்.

திரைக் கம்பிக்கும் மேலே தலை தெரிந்தது. கடைசியாக அவள் தண்ணீர் தொட்டு எடுத்துவிட்ட வகிடு, அப்படியே. உச்சந்தலை கூரையைத் தொட்டிருந்தது. இன்னும் இடம் வேண்டியிருந்ததால், கழுத்து மெல்லத் தோளின்மேல் சாய்ந்துகொண்டிருந்தது. முகம் அவளைப் பார்த்தது. ஏழு வயசு முகம்.

பட்.

“ஐம்பது.”

கத்தரியைக் கீழே வைத்தாள். விரல் தானாகப் போய் எஃப் இரண்டைத் தேடியது.